தைராய்டு மாத்திரை போட்டால் கொலஸ்ட்ரால் ஏன் குறைகிறது? கல்லீரல் செல்லுக்குள் என்ன நடக்கிறது?

கெடிலக்கரை (கடலூர்)
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. அசதி, முகம் உப்பல், மலச்சிக்கல் என்று போய்ப் பார்த்ததில் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ஏறும் ஹார்மோன்) 42 என்று வந்தது. அதே ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 192. பயந்துபோய்க் கொழுப்புக்கும் மாத்திரை கேட்டோம். டாக்டர் எழுதவில்லை. "இது தைராய்டால் ஏறிய கொழுப்பாகத் தெரிகிறது. தைராக்சின் மட்டும் போடுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்றார். இப்போது டிஎஸ்எச் 3.2, எல்டிஎல் 127. வீட்டுச் சாப்பாடு மாறவில்லை. அதே வஞ்சிரக் குழம்பு, அதே வாழைக்காய் வறுவல்.

சந்தோஷம்தான். ஆனால் கேள்வி விடமாட்டேன் என்கிறது. கழுத்தில் சுரக்கும் ஹார்மோன் கல்லீரலை என்ன செய்து, ரத்தத்தில் கிடந்த கொழுப்பை எடுக்க வைத்தது? தேடினால் எங்கே பார்த்தாலும் "தைராய்டு வளர்சிதை மாற்றத்தைக் கூட்டும்" என்ற ஒரே வரி. நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். கனமாக இருந்தாலும் பரவாயில்லை, தெரிந்தவர்கள் முழுசாக எழுதுங்கள்.

தேவனாம்பட்டினம் (கடலூர்)
உங்கள் அம்மாவுக்கு நல்ல டாக்டர் கிடைத்திருக்கிறார். என் அண்ணிக்கு முதலிலேயே ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். தொடை வலியில் மாடிப்படி ஏற முடியாமல் போனது. அப்புறம்தான் வேறொருவர் தைராய்டு பார்க்கச் சொன்னார். பதிலுக்கு நானும் காத்திருக்கிறேன்.

லாஸ்பேட்டை பயோகெம் (புதுச்சேரி)
@தேவனாம்பட்டினம், தைராய்டு குறைவாக இருக்கும்போது ஸ்டாட்டின் போட்டால் தசை வலி, தசைச் சேதம் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் கொலஸ்ட்ரால் அதிகம் என்று வந்தால் மாத்திரை தொடங்கும் முன் டிஎஸ்எச் பார்க்கச் சொல்கிறோம்.

@கெடிலக்கரை, உயிர்வேதியியல் பாடம் நடத்துகிறவள் நான். எனக்கு மிகவும் பிடித்த பகுதியைக் கேட்டுவிட்டீர்கள், நீளமாகத்தான் வரும்.

தைராய்டு சுரப்பி அனுப்புவதில் பெரும்பகுதி டி4. நான்கு அயோடின் அணு உள்ளது. உங்கள் அம்மா போடும் மாத்திரையும் அதுதான். ஆனால் செல்லுக்குள் உண்மையில் வேலை பார்ப்பது மூன்று அயோடின் உள்ள டி3. உடம்பில் ஒரு நாளில் உருவாகும் டி3யில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் சுரப்பியிலிருந்து நேராக வருகிறது. மிச்சமெல்லாம் கல்லீரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில் டி4இலிருந்து ஒரு அயோடினைக் கழற்றிச் செய்யப்படுவது. கழற்றும் நொதிக்கு டீஅயோடினேஸ் என்று பெயர். கல்லீரலில் இருப்பது அதன் முதல் வகை. எனவே கல்லீரலை வெறுமனே ஹார்மோனுக்கு அடங்கி நடக்கும் உறுப்பு என்று நினைக்க வேண்டாம். ஹார்மோனைத் தயாரித்து ரத்தத்தில் விடுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. ரத்தத்தில் ஹார்மோனைச் சுமந்து போகும் புரதங்களையும் அதுதான் செய்கிறது.

இந்த டி3 செல்லின் உட்கருவுக்குள் போகிறது. அங்கே ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் தைராய்டு ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. இன்சுலினுக்கான ஏற்பி செல்லின் வெளிச்சுவரில் உட்கார்ந்திருக்கும். இது அப்படியில்லை, டிஎன்ஏ மேலேயே உட்கார்ந்திருக்கும். துத்தநாக அணுக்களைச் சுற்றி மடிந்த இரண்டு விரல் போன்ற பகுதிகளால் டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்கிறது. பிடிக்கும் இடத்துக்கும் அடையாளம் உண்டு. ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ என்ற ஆறெழுத்து, நடுவில் நான்கு எழுத்து இடைவெளி, மறுபடி அதே ஆறெழுத்து. இதுதான் அதற்கு மிகவும் பிடித்த அமைப்பு. பெரும்பாலும் தனியாக நிற்பதில்லை. ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு ஏற்பியுடன் ஜோடியாக நிற்கும்.

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள். ஹார்மோன் இல்லாதபோது இந்த ஏற்பி சும்மா இருப்பதில்லை. என்கோர், ஸ்மர்ட் என்ற அடக்கும் புரதங்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அவை ஹிஸ்டோன் டீஅசெட்டிலேஸ் 3 என்ற நொதியைக் கூட்டி வருகின்றன. அந்த நொதி, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசெட்டைல் குழுக்களை நீக்கிவிடுகிறது. அங்கே டிஎன்ஏ இறுகுகிறது, மரபணுவைப் படிக்க முடிவதில்லை. டி3 வந்து ஏற்பியின் நடுவில் உள்ள பள்ளத்தில் அமர்ந்ததும் ஏற்பியின் வால் பகுதியான 12ஆவது சுருள் இடம் மாறி மூடிக்கொள்கிறது. உடனே அடக்கும் புரதங்கள் கழன்றுபோகின்றன. எஸ்ஆர்சி-1, சிபிபி போன்ற தூண்டும் புரதங்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. ஹிஸ்டோனில் மறுபடி அசெட்டைல் ஏறுகிறது, மரபணு படிக்கப்படுகிறது.

வீராணம் ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகில் ஆளே இல்லையென்றால் தண்ணீர் கொஞ்சம் கசிந்துகொண்டேயிருக்கும். ஆள் இருக்கிறார், உத்தரவு வரவில்லை என்றால் இறுக்கி மூடிவிடுவார். உத்தரவு வந்தால் அதே ஆள்தான் திறந்தும் விடுவார். டி3 என்பது உத்தரவு. ஏற்பி என்பது மதகு ஆள்.

இந்த வேறுபாடு எலிகளில் பளிச்சென்று தெரிந்தது. பாக்ஸ்8 என்ற மரபணு இல்லாத எலிக்குட்டிகளுக்குத் தைராய்டு ஹார்மோன் சுரக்காது, பால் மறக்கும் வயதில் இறந்துவிடும். இந்த ஏற்பியில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை உண்டு. அதே எலிகளில் ஆல்ஃபா வகை ஏற்பியின் மரபணுவையும் சேர்த்து நீக்கியபோது அவை பிழைத்தன. 2002இல் வந்த ஆய்வு இது. ஹார்மோன் இல்லாததைவிட, ஹார்மோன் இல்லாமல் ஏற்பி மட்டும் இருப்பதுதான் அந்த உடம்புக்குப் பெரிய ஆபத்தாக இருந்தது. தைராய்டு குறைபாட்டை "ஏதோ கொஞ்சம் குறைவு" என்று மக்கள் லேசாக எடுத்துக்கொள்ளும்போது இதைத்தான் எடுத்துச் சொல்லத் தோன்றும். அங்கே நடப்பது குறைவு மட்டுமில்லை, மரபணுக்கள் பிடித்து அழுத்தப்படுகின்றன.

சரி, கொலஸ்ட்ராலுக்கு வருகிறேன். ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கி, எல்டிஎல் ஏற்பி என்ற புரதம். இது செல்லின் வெளிச்சுவரில் இருப்பது, உட்கரு ஏற்பியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தக் கொக்கிக்கான மரபணு டி3யின் பேச்சைக் கேட்கும் மரபணுக்களில் ஒன்று. எஸ்ஆர்இபிபி-2 என்ற இன்னொரு கட்டுப்பாட்டுப் புரதம் வழியாகவும் டி3 அதைத் தூண்டுகிறது. ஹார்மோன் குறைந்தால் கொக்கி குறையும், எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கிவிடும். தைராய்டு குறைந்தவர்களின் உடம்பு கொலஸ்ட்ராலைச் செய்யும் வேகமும் குறைந்துதான் இருக்கிறது. ஆனாலும் ரத்தத்தில் அளவு ஏறுகிறது, ஏனென்றால் எடுப்பது அதைவிட அதிகமாகக் குறைந்துவிடுகிறது. உங்கள் அம்மா சாப்பாட்டை மாற்றாமலே எல்டிஎல் இறங்கியதற்கு இதுதான் காரணம். கல்லீரலில் கொக்கிகள் திரும்ப முளைத்துவிட்டன.

கெடிலக்கரை (கடலூர்)
மேடம், இரண்டு முறை படித்தேன். கோடி நன்றி. ஹார்மோன் இல்லாதபோது ஏற்பி அழுத்திப் பிடிக்கும் என்பது எனக்கு முற்றிலும் புதிது. இதே வழியில் கல்லீரலில் வேறு என்னென்ன மரபணுக்கள் திறக்கும்?

பாகூர் ஏரி (புதுச்சேரி)
எம்.எஸ்சி. முதல் வருடம் படிக்கிறேன் மேடம். எங்கள் புத்தகத்தில் தைராய்டு ஹார்மோன் கொழுப்பில் கரைவது, அதனால் செல் சவ்வைத் தானாகவே ஊடுருவி உள்ளே போய்விடும் என்று இருக்கிறது. அப்படித்தானா?

லாஸ்பேட்டை பயோகெம் (புதுச்சேரி)
@பாகூர் ஏரி, பழைய புத்தகங்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும் தம்பி. தேர்வில் எழுதும்போது கடத்திப் புரதங்களையும் சேர்த்து எழுதுங்கள். டி3, டி4 இரண்டும் அமினோ அமிலத்திலிருந்து வந்தவை, மின்னேற்றம் உள்ளவை. சவ்வைக் கடக்க வழி திறந்துவிடும் புரதம் வேண்டும். எம்சிடி8 என்பது அப்படி ஒன்று என்று 2003இல் தெரிந்தது. அடுத்த வருடமே அந்த மரபணு பழுதான ஆண் குழந்தைகளைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் டி3 அதிகம். ஆனால் மூளைக்குள் ஹார்மோன் சரியாகப் போகாததால் மூளை வளர்ச்சி கடுமையாகப் பாதிக்கப்படுகிறது. கல்லீரலுக்கோ வேறு கடத்திகளும் உண்டு. ஆகவே அதே குழந்தையின் கல்லீரல் அளவுக்கு மீறிய ஹார்மோனில் தவிக்கிறது, எடை ஏறவே மாட்டேன் என்கிறது. ஒரே உடம்பில் ஓர் உறுப்பு பட்டினி, இன்னொன்று திகட்டல். அந்தப் பெற்றோர்களை நினைத்தால் மனசு கனக்கும்.

@கெடிலக்கரை, பட்டியல் பெரிது. சிலதை மட்டும் சொல்கிறேன். கொழுப்பு அமிலத்தை, அது எரிக்கப்படும் இடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றும் சிபிடி1ஏ. புதிதாகக் குளுக்கோஸ் செய்யும் பெப்சிகே. கொழுப்பு அமிலம் செய்ய உதவும் மாலிக் நொதி. பார்த்தீர்களா, கொழுப்பை எரிப்பதும் செய்வதும் ஒரே ஹார்மோனால் கூடுகின்றன. அப்புறம், டி4ஐ டி3 ஆக்கும் அந்த முதல் வகை டீஅயோடினேஸின் மரபணுவும் டி3யால் தூண்டப்படுவதுதான். பாலின ஹார்மோன்களைச் சுமக்கும் எஸ்எச்பிஜி என்ற புரதமும் தைராய்டு அதிகமானால் ஏறும்.

முத்தியால்பேட்டை வாசகர் (புதுச்சேரி)
வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அறிவியல் வரலாறு படிப்பதுதான் என் பொழுது. இந்த இழையில் அதையும் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தவர் அமெரிக்காவின் எட்வர்ட் கெண்டால். நாள் 1914 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ். டி3 என்று ஒன்று இருப்பதே 1952இல்தான் தெரிந்தது. லண்டனில் ஜாக் கிராஸ், ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ் இருவரும் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது பெரிய மர்மமாகவே இருந்தது. மைட்டோகாண்ட்ரியாவை நேராகத் தாக்குகிறது என்றுதான் பலர் நம்பினார்கள்.

அதை மாற்றியவர் நம் நாட்டில் பிறந்தவர், ஜம்ஷெட் டாட்டா. பம்பாயில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, லண்டன் மில் ஹில் ஆய்வுக்கூடத்தில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தவர். சோதனை எலிகளுக்கு ஹார்மோன் கொடுத்துவிட்டு, எது முதலில் நடக்கிறது என்று நேரம் பார்த்துத் தொடர்ந்தார். கல்லீரல் செல்லின் உட்கருவில் ஆர்என்ஏ உருவாவது முதலில் கூடியது. புரதம் அதற்குப் பின். உடம்பின் வளர்சிதை வேகம் அதற்கும் பின். ஆர்என்ஏ உருவாவதைத் தடுக்கும் ஆக்டினோமைசினைச் சேர்த்துக் கொடுத்தால் ஹார்மோனின் விளைவே வரவில்லை. 1963இல் இதை வெளியிட்டார். ஹார்மோன் மரபணுவின் வழியாகப் பேசுகிறது என்பதற்கு வலுவான முதல் சாட்சிகளில் ஒன்று இது. கல்லீரலை வைத்துக் கிடைத்த சாட்சி. இந்தப் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிமுகமாக வேண்டும் என்பது என் ஆசை.

1972இல் ஜாக் ஓப்பன்ஹைமர் குழு எலியின் கல்லீரல், சிறுநீரக உட்கருக்களில் டி3 பிடித்துக்கொள்ளும் இடங்கள் இருப்பதைக் காட்டியது. அந்த ஏற்பியின் மரபணு கையில் கிடைத்தது 1986இல். ரொனால்ட் எவன்ஸ் குழுவும் பியோர்ன் வென்ஸ்ட்ரம் குழுவும் ஒரே சமயத்தில் கண்டார்கள். கிடைத்த விதம்தான் ஆச்சரியம். கோழிகளுக்கு ரத்தப் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸில் இருக்கும் மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதன் இயல்பான வடிவம் நம் செல்களிலும் இருந்தது. அது என்ன செய்கிறது என்று பார்த்தால், டி3ஐப் பிடிக்கிறது.

லாஸ்பேட்டை பயோகெம் (புதுச்சேரி)
@முத்தியால்பேட்டை வாசகர், ஐயா, அருமை. அந்த வைரஸ் மரபணு மேலே சொன்ன விஷயத்துக்கு இன்னொரு சாட்சியும் ஆகிறது. வைரஸ் வைத்திருந்தது பழுதான ஏற்பி. டி3 அதில் சரியாக ஒட்டாது. ஆகவே அது எந்நேரமும் மரபணுக்களை அழுத்திப் பிடித்தபடியே இருக்கும். கோழியின் ரத்தச் செல்கள் முதிர்ச்சியடையாமல் பெருகிக்கொண்டே போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மனிதர்களிலும் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. பீட்டா ஏற்பி மரபணுவின் ஒரு பிரதியில் பிறவிப் பழுது இருந்தால், அந்தப் பழுதான புரதம் நல்ல பிரதியையும் வேலை செய்யவிடாது. 1967இல் சாமுவேல் ரெஃபெட்டாஃப் முதன்முதலில் விவரித்த நோய் இது. ரத்தத்தில் டி4, டி3 அதிகம், ஆனாலும் டிஎஸ்எச் அடங்காது. அவர்களின் கல்லீரல் ஹார்மோன் போதாததுபோல் நடந்துகொள்ளும். இதயமோ படபடவென்று அடிக்கும். கல்லீரலில் அதிகம் இருப்பது பீட்டா ஏற்பி, இதயத்தில் அதிகம் இருப்பது ஆல்ஃபா. பழுது பீட்டாவில் மட்டும். ஆல்ஃபாவுக்குக் கூடுதல் ஹார்மோன் முழுசாகக் கிடைக்கிறது. ஆல்ஃபா மரபணு 17ஆவது குரோமோசோமிலும் பீட்டா 3ஆவதிலும் இருக்கின்றன, இரண்டும் தனித்தனி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்து பற்றிப் பேச்சு வந்தால் உதவும்.

அரியாங்குப்பம் 31 (புதுச்சேரி)
வந்தேவிட்டது மேடம். எனக்கு ஸ்கேனில் ஃபேட்டி லிவர் இரண்டாம் நிலை. மது கிடையாது, ஆனால் 94 கிலோ. ஜிம்மில் ஒருவர் டி3 மாத்திரை போட்டால் உடம்புக் கொழுப்பும் கல்லீரல் கொழுப்பும் சேர்ந்து கரையும் என்று சொல்கிறார். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவர் சொல்வது சரி மாதிரித்தான் இருக்கிறது. தைராய்டு டெஸ்ட் நார்மல். போடலாமா?

நெல்லிக்குப்பம் மெடிக்கல் (கடலூர் மாவட்டம்)
வேண்டாம் தம்பி. எங்கள் கடைக்கே சீட்டு இல்லாமல் எடை குறைக்கத் தைராய்டு மாத்திரை கேட்டு வருகிறார்கள், திருப்பி அனுப்புகிறேன். தைராய்டு நல்லபடி வேலை செய்கிறவர் எடைக்காக இதைப் போடக்கூடாது என்று அமெரிக்காவில் மருந்துத் தாளிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். தேவையான அளவுக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து.

லாஸ்பேட்டை பயோகெம் (புதுச்சேரி)
@அரியாங்குப்பம் 31, கேட்டது மிக நல்லது. கேட்காமல் போட்டிருந்தால்தான் கவலை. டி3 கல்லீரலை மட்டும் தேடிப் போகாது. இதயத்தின் ஆல்ஃபா ஏற்பிகளையும் அதே அளவு எழுப்பும். துடிப்பு எகிறும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு வரலாம். எலும்பு தேயும், தசை கரையும். ஜிம்முக்குப் போகிறவர் தசையை இழக்கலாமா?

இந்தப் பாதையில் மருத்துவமே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டது. அமெரிக்காவில் கரோனரி ட்ரக் ப்ராஜெக்ட் என்ற பெரிய ஆய்வில், மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்க டெக்ஸ்ட்ரோதைராக்சின் கொடுத்தார்கள். டி4இன் கண்ணாடி பிம்ப வடிவம் அது. கொலஸ்ட்ரால் குறைந்தது. ஆனால் அந்த மருந்து எடுத்தவர்களில் இறப்பு கூடுதலாக இருந்ததால் 1970களின் தொடக்கத்திலேயே அந்தப் பிரிவை நிறுத்திவிட்டார்கள். ரத்தத்தில் ஓர் எண் குறைவது மட்டுமே நன்மை ஆகிவிடாது.

அதற்குப் பிறகுதான் "பீட்டா ஏற்பியை மட்டும், அதுவும் கல்லீரலுக்குள் மட்டும் எழுப்ப முடியுமா" என்று தேடத் தொடங்கினார்கள். எளிதில் கிடைக்கவில்லை. எப்ரோடிரோம் என்ற மருந்து எல்டிஎல்ஐ நன்றாகக் குறைத்தது. நாய்களுக்கு நீண்ட நாள் கொடுத்தபோது குருத்தெலும்பு பாதிக்கப்பட்டதால் மனித ஆய்வை 2012இல் நிறுத்தினார்கள். ரெஸ்மெடிரோம் என்ற மருந்துதான் கடைசியில் தேறியது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. கல்லீரலில் கொழுப்போடு வீக்கமும் சேர்ந்து, நடுத்தரம் முதல் முற்றிய நிலை வரை தழும்பு விழுந்தவர்களுக்கு மட்டும். சிர்ரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய கடைசி நிலை, வந்தவர்களுக்கு இல்லை. உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான்.

எண்களையும் பாருங்கள், ஆசை அளவோடு இருக்கும். 966 பேரை வைத்து நடந்த மூன்றாம் கட்ட ஆய்வு. 52 வாரம் கழித்துத் திசு எடுத்துப் பார்த்ததில், கல்லீரல் வீக்கம் தீர்ந்தவர்கள் 80 மில்லிகிராம் எடுத்தவர்களில் 25.9 சதவீதம், 100 மில்லிகிராமில் 29.9 சதவீதம். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 9.7 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பத்துப் பேரில் ஏழு பேருக்கு வீக்கம் தீரவில்லை என்பதும் அதே எண்களில் இருக்கிறது. எல்டிஎல் 14 முதல் 16 சதவீதம் வரை குறைந்தது. உங்கள் அம்மாவுக்கு எல்டிஎல் இறங்கிய அதே வழி இது, @கெடிலக்கரை.

தம்பி, உங்கள் நிலையில் உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே கல்லீரல் கொழுப்பும் வீக்கமும் நன்றாகக் குறையும். முதலில் ஈரல் நிபுணரிடம் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரையும் பாருங்கள்.

அரியாங்குப்பம் 31 (புதுச்சேரி)
புரிந்தது மேடம். போடமாட்டேன். ஸ்கேனுக்கு நேரம் வாங்குகிறேன். இந்தியாவில் இப்படி மருந்து எதுவும் இல்லையா?

நெல்லிக்குப்பம் மெடிக்கல் (கடலூர் மாவட்டம்)
சரோகிளிட்டசார் இருக்கிறது. இங்கேயே உருவான மருந்து. முதலில் சர்க்கரை நோயாளிகளின் கொழுப்புக்கு 2013இல் வந்தது. சிர்ரோசிஸ் ஆகாத ஈரல் வீக்கத்துக்கு 2020இல் அனுமதி கிடைத்தது. டாக்டர் சீட்டோடுதான்.

லாஸ்பேட்டை பயோகெம் (புதுச்சேரி)
அது தைராய்டு ஏற்பியைத் தொடாது. ஆனால் அது எழுப்பும் பிபிஏஆர் ஏற்பிகளும் இதே குடும்பம். உட்கருவில் இருப்பவை, ஆர்எக்ஸ்ஆர் உடன்தான் அவற்றுக்கும் ஜோடி. ஒரே ஜோடிக்காரரைப் பல ஏற்பிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. இந்தக் குடும்பம் முழுவதையும் ஒரு பருவம் நடத்தினாலும் எனக்கு அலுக்காது.

சிதம்பரம் ஆய்வு மாணவர் (கடலூர் மாவட்டம்)
மேடம், பணிவோடு ஒரு மறுப்பு. "அடக்கும் புரதம் கழன்றது, தூண்டும் புரதம் வந்தது" என்ற படம் பாடத்துக்குச் சரி. ஆனால் கல்லீரலில் நடப்பது அவ்வளவு நேர்கோடு இல்லை. எலிக் கல்லீரலில் டிஎன்ஏ முழுவதையும் பார்த்த ஆய்வுகளில், ஏற்பி எல்லா இடத்திலும் முன்கூட்டியே உட்கார்ந்து காத்திருக்கவில்லை. ஹார்மோன் வந்த பிறகு பல இடங்களில் ஏற்பி கூடுதலாக வந்து ஒட்டுகிறது. அடக்கும் புரதங்களும் எல்லா இடத்திலும் முழுசாக நீங்குவதில்லை.

இன்னொன்று. 2017இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வில், டிஎன்ஏவைப் பிடிக்கவே முடியாதபடி ஏற்பியை மாற்றிய எலிகளை உருவாக்கினார்கள். டி3 அந்த ஏற்பியில் ஒட்டும், ஆனால் ஏற்பி டிஎன்ஏவைத் தொடாது. மரபணு வழிதான் ஒரே வழி என்றால் அந்த எலிகளில் ஹார்மோனுக்கு எந்த விளைவும் இருந்திருக்கக் கூடாது. ஆனால் ரத்தச் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் குறைவது போன்ற சில விளைவுகள் அப்படியே இருந்தன. ஏற்பி வேண்டும், டிஎன்ஏ வேண்டாம் என்று இன்னொரு வழியும் இருக்கிறது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமை என்பது என் கருத்து.

லாஸ்பேட்டை பயோகெம் (புதுச்சேரி)
@சிதம்பரம் ஆய்வு மாணவர், நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை, சேர்த்ததற்கு நன்றி. ஒன்றில் மட்டும் என் நிலையை விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே எலிகளில், டிஎன்ஏவைத் தொட முடியாதபோது டிஎஸ்எச் கட்டுப்பாடு கெட்டுப்போனது. கல்லீரலில் டி3 வழக்கமாக ஏற்றும் மரபணுக்களும் ஏறவில்லை. கெடிலக்கரை கேட்ட எல்டிஎல் கேள்விக்கு மரபணு வழிதான் முதன்மையான விடை. சர்க்கரை, டிரைகிளிசரைடு பற்றிக் கேட்டிருந்தால் உங்கள் பதிலிலிருந்துதான் நானும் தொடங்கியிருப்பேன்.

சிதம்பரம் ஆய்வு மாணவர் (கடலூர் மாவட்டம்)
ஒத்துக்கொள்கிறேன் மேடம். கல்லீரல் செல் தனக்குள் சேர்ந்த கொழுப்புத் துளிகளைத் தானே செரித்துக்கொள்ளும் வழியை டி3 தூண்டுகிறது என்று சிங்கப்பூரில் ரோஹித் சின்ஹா, பால் யென் குழு 2012இல் காட்டியது. ஃபேட்டி லிவருக்கு இந்த ஏற்பி ஏன் பொருத்தமான இலக்கு என்பதற்கு அதுவும் ஒரு காரணம். அரியாங்குப்பம் நண்பருக்காக இதையும் எழுதி வைக்கிறேன். மாத்திரை போட அல்ல, ஆராய்ச்சி எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள.

பண்ருட்டிக்காரி (கடலூர் மாவட்டம்)
டீஅயோடினேஸ் நொதிக்குச் செலினியம் வேண்டும் என்று படித்தேன். எங்கள் ஊர் முந்திரி சாப்பிட்டால் தைராய்டுக்கு நல்லதா மேடம்? மாத்திரையாகவும் விற்கிறார்களே?

லாஸ்பேட்டை பயோகெம் (புதுச்சேரி)
உண்மைதான் அக்கா, அந்த நொதியின் மையத்தில் செலினியம் உள்ள அமினோ அமிலம் இருக்கிறது. ஆனால் கடல்மீனும் முட்டையும் சாப்பிடும் வீட்டில் அதற்குப் பெரும்பாலும் குறை வராது. முந்திரியை ருசிக்காகச் சாப்பிடுங்கள். செலினியம் மாத்திரையைத் தானாக வாங்கிப் போட வேண்டாம், அளவு மீறினால் முடி கொட்டும், நகம் கெடும்.

திருப்பாதிரிப்புலியூர் லேப் (கடலூர்)
ரத்தம் எடுக்கிறவன் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் மாத்திரையைக் காபியோடு விழுங்கிவிட்டு டிஎஸ்எச் இறங்கவில்லை என்று வருகிறார்கள். தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். காபியும் டிபனும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் என்றால் நான்கு மணி நேரம் இடைவெளி. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் அளவை மாற்றிய பத்தாம் நாளே டெஸ்ட் எடுப்பதில் அர்த்தமில்லை, ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். முடி வளர பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் லேபில் கட்டாயம் சொல்லுங்கள். சில இயந்திரங்களில் அது டிஎஸ்எச்ஐக் குறைவாகவும் டி4ஐ அதிகமாகவும் காட்டிவிடும். இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு வந்தால் நல்லது.

டெங்கு, நிமோனியா என்று படுத்திருக்கும்போது தைராய்டு பார்க்காதீர்கள், டாக்டர் கேட்டாலொழிய. கடும் நோயில் டி3 தானாகவே இறங்கும். அது தைராய்டு நோய் அல்ல. குணமாகிச் சில வாரம் கழித்துப் பார்த்தால்தான் சரியான கணக்கு.

கெடிலக்கரை (கடலூர்)
அம்மாவும் காபியோடுதான் போட்டுக்கொண்டிருந்தார், நாளையிலிருந்து மாற்றச் சொல்கிறேன். கடைசியாக ஒன்று. எல்டிஎல் 192இலிருந்து 127க்கு வந்துவிட்டதே, இனி மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று அம்மா கேட்கிறார். மீதி 127க்கு ஸ்டாட்டின் வேண்டுமா?

லாஸ்பேட்டை பயோகெம் (புதுச்சேரி)
நிறுத்தக் கூடாது. டிஎஸ்எச் 42 வரை போன சுரப்பி தானாகத் திரும்பி வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. மாத்திரையை விட்டால் சில வாரங்களில் ஹார்மோன் வடிந்துவிடும், எல்டிஎல் மறுபடி ஏறும்.

ஸ்டாட்டின் என்பது தனிக் கேள்வி. தைராய்டு சரியான பிறகு நிற்கும் எல்டிஎல்தான் அம்மாவின் உண்மையான அளவு. சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு, இவை இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். சர்க்கரை இருந்தால் 127 என்பது குறைவான எண் இல்லை, அநேகமாக ஸ்டாட்டின் தருவார். இப்போது டிஎஸ்எச் சரியாக இருப்பதால் தசை வலி பற்றிய பயமும் முன்பைவிடக் குறைவு. அடுத்த முறை போகும்போது எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைச் சோதனையின் முடிவையும் கையில் கொண்டுபோங்கள்.